டிரிஃப்ட்லெஸ் பள்ளத்தாக்குகளில் நாயுடன் முகாம்: கோடைக்கால ஆலோசனை

விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலையைப் பனியுகப் பனியாறுகள் தொடவில்லை. அக்கம்பக்கத்து நிலமெல்லாம் பனியாறுகளால் சீவப்பட்டுத் தட்டையாகிவிட, இங்கே மட்டும் செங்குத்தான குன்றுகளும் ஒடுங்கிய பள்ளத்தாக்குகளும் வளைந்து வளைந்து ஓடும் சிற்றாறுகளும் மிஞ்சின. டிரிஃப்ட்லெஸ் என்று அழைக்கப்படும் இந்த நிலப்பகுதி மினசோட்டா, அயோவா, இல்லினாய் மாநிலங்களின் ஓரங்களுக்கும் நீள்கிறது. மே மாதக் கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டே முதல் செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே வரை கூடாரக்காரர்களும் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிக்காரர்களும் இங்கே குவிகிறார்கள். அவர்களில் பலர் நாயையும் கூட்டி வருகிறார்கள்.

முகாமின் வாசலில் 'பெட் ஃப்ரெண்ட்லி' என்று எழுதியிருந்தால், நாயை உள்ளே விடுவார்கள் என்றுதான் அதற்குப் பொருள். அந்த நிலம் நாய்க்கு உகந்ததா, அந்த வாரத்து வெயிலையும் தண்ணீரையும் நாய் தாங்குமா என்பதைப் பலகை சொல்வதில்லை. அதை வளர்ப்பவர்தான் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். அதற்கு உரிய நேரம் கோடை தொடங்கும் இந்த வாரங்கள்தான்.

முதல் வேலை இடம் பிடிப்பது. மாநிலப் பூங்காக்களின் முகாம் இடங்களை 11 மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம் என்பதால், ஜூலை மாத வார இறுதிகள் எப்போதோ நிரம்பியிருக்கும். இப்போது திட்டமிடுபவர்கள் ஞாயிறு இரவு முதல் வியாழன் வரையிலான நாட்களைப் பார்ப்பது நல்லது. கூட்டம் குறைந்த நாட்கள் நாய்க்கும் நிம்மதி. பராபூ அருகிலுள்ள டெவில்ஸ் லேக் எப்போதும் நெரிசலானது. டாட்ஜ்வில் அருகே கவர்னர் டாட்ஜ், மிசிசிப்பியும் விஸ்கான்சின் ஆறும் கூடும் இடத்துக்கு மேலே வையலூசிங், கிக்கப்பூ ஆற்றை ஒட்டிய வைல்ட்கேட் மவுன்டன் ஆகியவற்றில் அதைவிட நெரிசல் குறைவு. தனியார் ஆர்.வி. பூங்காவானால் பணம் கட்டுவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். பல இடங்களில் இரண்டு நாய்களுக்கு மேல் விடமாட்டார்கள். சில இடங்களில் குறிப்பிட்ட இன நாய்களுக்கு அனுமதியே இல்லை. ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பதும் வழக்கம். விஸ்கான்சினில் 5 மாத வயதுக்குள் அந்த ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே சான்றிதழின் நகல் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

மாநிலப் பூங்காக்களில் நாயைப் பிடிக்கும் வாரின் நீளம் 8 அடியைத் தாண்டக் கூடாது. இழுக்க இழுக்க நீளும் சுருள்வார் பலவும் இந்த அளவை மீறுபவை. முகாம் இடத்திலும் பெரும்பாலான நடைபாதைகளிலும் நாய்க்கு இடமுண்டு. கட்டடங்கள், குளிக்கும் கரைகள், குழந்தைகள் விளையாடும் இடங்கள், இயற்கைக் கல்விப் பாதைகள் ஆகியவற்றில் இல்லை. உணவருந்தும் திடல்களில் நாய்க்கென்று ஒதுக்கியவை தவிர மற்றவையும் விலக்கு. டெவில்ஸ் லேக் அருகிலுள்ள பார்ஃப்ரிஸ் க்ளென் என்னும் குறுகிய பாறைப் பள்ளத்துக்கு நாயைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே வாசல்வரை போய்விட்டு நாயை வண்டியில் பூட்டிவைக்க நினைப்பவர்கள் உண்டு. அது எவ்வளவு ஆபத்தானது என்பது பின்னால் வருகிறது. விறகையும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டாம். ஆஷ் மரங்களை அழிக்கும் எமரால்ட் ஆஷ் போரர் வண்டு 2008-இல் விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்டது. பூங்காவிலிருந்து 10 மைலுக்குள் வெட்டியதோ மாநிலச் சான்று பெற்றதோ ஆன விறகை மட்டுமே உள்ளே விடுகிறார்கள்.

மே, ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே பெரிய தொல்லை உண்ணி. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் இளம்பருவம் கசகசா அளவுதான் இருக்கும். கறுப்பு நாயின் ரோமத்துக்குள் அது கண்ணில் படாது. விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கழுத்துப்பட்டையை முழுவதுமாகக் கழற்றி, அது அழுத்தியிருந்த இடத்திலிருந்து தடவத் தொடங்க வேண்டும். அடுத்து காதின் உள்மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி, கடைசியாகக் கால்விரல்களின் இடுக்குகள். விரல்நுனியில் சிறு மணி போல ஒன்று தட்டுப்பட்டால் ரோமத்தை விலக்கி, நுனி கூர்ந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவதும் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். லைம் கிருமி உடலில் ஏற, உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், இந்தத் தினசரிப் பத்து நிமிடத் தடவலே பாதிப் பாதுகாப்பு.

மறுபாதி மருந்து. மாத்திரையா, தோலில் விடும் சொட்டா, மருந்துப் பட்டையா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பே தொடங்க வேண்டும். நாய்க்கு லைம் தடுப்பூசியும் உண்டு. ஆனால் முதல் முறை போடும்போது சில வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவைப்படுவதால், ஜூலைப் பயணத்துக்கு இப்போதே நாள் குறிக்க வேண்டும். பூனையும் உடன் வரும் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை: நாய்களுக்கான சொட்டு மருந்து சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய விஷம். மனிதர்கள் பூசிக்கொள்ளும் கொசு விரட்டியை நாய்க்குப் பூசுவதும் தவறு.

அடுத்தது வெயில். வெளியே 21 டிகிரி செல்சியஸ் என்ற இதமான நாளிலும் மூடிய காரின் உள்ளே 10 நிமிடத்தில் 32 டிகிரியையும் அரை மணியில் 40 டிகிரியையும் எட்டிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் திறந்து வைப்பதால் பெரிய பயன் இல்லை. ஆர்.வி. வைத்திருப்பவர்கள் ஏ.சி. இருக்கிறதே என்று நாயை உள்ளே விட்டுவிட்டுப் படகு ஓட்டப் போகிறார்கள். அந்த ஏ.சி. முகாம் இடத்தின் மின்பெட்டியை நம்பி ஓடுகிறது. ஜூலை மாதப் பிற்பகலில் வரிசையிலுள்ள எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் குளிரூட்டும்போது மின்னழுத்தம் தாழும், பிரேக்கர் விழும். வண்டியைக் காக்க மாட்டிய பாதுகாப்புக் கருவியே, அழுத்தம் குறைந்ததைக் கண்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடலாம். உள்ளிருக்கும் வெப்பத்தை அளந்து கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. நல்ல கருவிகள்தான். ஆனால் அவை பெரும்பாலும் கைபேசி சிக்னலில் இயங்குபவை. கிக்கப்பூ பள்ளத்தாக்கில் இறங்கியதும் சிக்னல் காணாமல் போகும் இடங்கள் ஏராளம். செய்தி அனுப்பக் கருவிக்குச் சிக்னல் வேண்டும், அதை வாங்க ஆற்றில் இருப்பவரின் கைபேசிக்கும் சிக்னல் வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் நாய் தனியாக வெந்து கிடக்கும். இந்தப் பகுதியில் நாயை வண்டிக்குள் விட்டுப் போகாதிருப்பதே சரி. ஒருவர் உடன் இருக்கட்டும், அல்லது நாயும் வரக்கூடிய இடமாகப் பார்த்துப் போகட்டும். இடம் தேர்ந்தெடுக்கும்போது மேற்குப் பக்கம் மரம் நிற்கும் இடத்தைக் கேட்டு வாங்கினால் பிற்பகல் வெயில் தணியும்.

நாயும் வரக்கூடிய குளிர்ந்த இடத்துக்கு ஓர் உதாரணம் எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை. கைவிடப்பட்ட ரயில் தடத்தை 1967-இல் நடைபாதையாக மாற்றியது இது. 32 மைல் நீளம், மூன்று சுரங்கங்கள். நார்வாக் அருகிலுள்ள சுரங்கம் சுமார் முக்கால் மைல். உள்ளே கும்மிருட்டு, மேலிருந்து தண்ணீர் சொட்டும், கோடையிலும் குளிரும். டார்ச் இல்லாமல் நுழையக் கூடாது. இருட்டில் சைக்கிள்கள் எதிரே வருமாதலால் வாரைக் குறுக்கிப் பிடிக்க வேண்டும். பழகாத நாய் என்றால் சிறிய சுரங்கத்தில் முதலில் பழக்கலாம்.

தண்ணீரில் இரண்டு விதமான ஆபத்து. விஸ்கான்சின் ஆறு ப்ரேரி டு சாக் அணைக்குக் கீழே மிசிசிப்பி வரை 92 மைல் வேறு அணையே இல்லாமல் ஓடுகிறது. இந்த நீளத்திலுள்ள மணல்திட்டுகளில் படகில் போய்க் கூடாரம் போடுவது கோடையின் பெரிய இன்பம். கண்ணாடிப் பாத்திரம் எதையும் அங்கே கொண்டுபோகத் தடை. உடைந்த சில் முதலில் கிழிப்பது வெறுங்காலையும் நாயின் பாதத்தையும்தான். கணுக்கால் ஆழத்தில் நிற்கும் மணல், இரண்டடி தள்ளி ஆள் ஆழத்துக்குச் சரிந்துவிடும், நீரோட்டமும் இழுக்கும். நாய் நன்றாக நீந்தும் என்ற நம்பிக்கை போதாது. முதுகில் கைப்பிடி உள்ள மிதவை உடை அணிவித்தால் சட்டென்று படகுக்குள் தூக்கிவிடலாம். மேல்பகுதியில் மழை பெய்தால் இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறும். ஆகவே கூடாரம் திட்டின் உயரமான இடத்திலேயே இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து தேங்கிய நீரில். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் ஏரிகளிலும் குட்டைகளிலும் நீலப்பச்சைப் பாசி பொங்கும். பச்சை பெயின்டைக் கொட்டிக் கலக்கியது போலவோ, பட்டாணிக் கூழ் போலவோ நீர் தெரிந்தால் நாயை அருகிலேயே விடக் கூடாது. குடிப்பதால் மட்டும் விஷம் ஏறுவதில்லை. நனைந்து வந்த நாய் தன் ரோமத்தை நக்கினாலும் ஏறும். தெரியாமல் இறங்கிவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். நேரம் மிகக் குறைவு. அதனால்தான் முகாமுக்கு அருகிலுள்ள, இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணையும் வழியையும் சிக்னல் உள்ள வீட்டிலிருந்தே காகிதத்தில் எழுதி வர வேண்டும்.

ஜூன் முதல் சாலையோரங்களில் கொத்தமல்லிப் பூவைப் போலக் குடை விரித்த மஞ்சள் பூக்கள் இடுப்பளவு நிற்கும். அது வைல்ட் பார்ஸ்னிப். அதன் சாறு தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும். நாயின் ரோமத்தில் ஒட்டிய சாறு தடவிக்கொடுக்கும் கைக்கும் வரலாம். பாதையின் நடுவிலேயே நடப்பதுதான் எளிய வழி. ஆற்றோரப் பாறைச் சரிவுகளில் டிம்பர் ராட்டில்ஸ்னேக் என்னும் கிலுகிலுப்பைப் பாம்பும் உண்டு. அது தானாக வம்புக்கு வராது. வாரில் கட்டாத நாய்தான் அதைத் தேடிப்போய் முகர்கிறது.

முகாம் நெருப்பைச் சுற்றிய தின்பண்டங்களில் நாய்க்கு எமனாகக்கூடியவை பல. விஸ்கான்சின் கோடைக்கே உரிய மக்காச்சோளத்தைச் சுட்டுத் தின்றபின் எறியும் கட்டை நாயின் குடலை அடைத்து, அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும். வெங்காயத்தோடு வதக்கிய சாஸேஜ், மார்ஷ்மெலோவோடு வரும் சாக்லேட், திராட்சை எல்லாமே விஷம். குப்பையை இரவுக்கு முன் வண்டிக்குள் பூட்டிவிட்டால் ராக்கூனும் ஸ்கங்கும் வராது. ஸ்கங்க் நாயின்மீது நாற்றநீரைப் பீய்ச்சிவிட்டால், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை அப்போதே கலந்து, கண்ணில் படாமல் தேய்த்து ஐந்து நிமிடம் கழித்து அலச வேண்டும். மிச்சத்தை மூடி வைத்தால் பாத்திரம் வெடிக்கும். கொட்டிவிட வேண்டும். ஸ்கங்க் கடித்திருந்தால் அது ரேபிஸ் விவகாரம், மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

புயல் எச்சரிக்கைகள் கவுன்டி எனப்படும் மாவட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் வருகின்றன. வெளியூர்க்காரருக்குத் தாம் எந்தக் கவுன்டியில் இருக்கிறோம் என்பது தெரிவதில்லை. வைல்ட்கேட் மவுன்டன் வெர்னான் கவுன்டி, வையலூசிங் கிராண்ட், டெவில்ஸ் லேக் சாக். கவர்னர் டாட்ஜ் இருப்பது அயோவா கவுன்டியில். வானொலியில் அயோவா என்று கேட்டதும் பக்கத்து மாநிலம் என்று நினைத்துவிடக் கூடாது. சிக்னல் இல்லாத இடத்தில் பேட்டரியில் ஓடும் வானிலை வானொலி அவசியம். சூறாவளி எச்சரிக்கை வந்தால் ஆர்.வி.யும் கூடாரமும் பாதுகாப்பல்ல. உறுதியான கட்டடத்துக்கு நாயோடு ஓட வேண்டும், அதற்கு வாரும் கூண்டும் கதவருகே இருக்க வேண்டும். கிக்கப்பூ ஆறு 2008 ஜூனிலும் 2018 ஆகஸ்டிலும் ஊர்களை மூழ்கடித்தது. சோல்ஜர்ஸ் க்ரோவ் என்ற சிற்றூர் 1978 வெள்ளத்துக்குப் பிறகு தன் கடைவீதியையே மேட்டுக்கு மாற்றிக்கொண்டது. மழை அறிவிப்பு உள்ள வாரத்தில் ஆற்றங்கரை இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இடிக்கும், ஜூலை 4 சுதந்திர தின வாணவெடிக்கும் மிரண்டு நாய்கள் ஓடிப்போகும் காலமும் இதுவே. கழுத்துப்பட்டைத் தகட்டில் கைபேசி எண்ணோடு முகாம் இட எண்ணையும் ஒட்டி வைக்கலாம். மைக்ரோசிப் இருந்தால் அதில் பதிந்த முகவரி பழையதா என்று இப்போதே பார்க்க வேண்டும். கேஷ்டன், ஒன்டாரியோ என்ற சிற்றூர்களின் சுற்றுவட்டாரச் சாலைகளில் ஆமிஷ் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவினரின் குதிரை வண்டிகள் மேட்டுக்கு அப்பால் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். பெரிய ஆர்.வி. ஓட்டுபவர் ஏற்றத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். நடைப்பயணத்தில் குதிரை எதிர்ப்பட்டால் நாயைச் சாலையோரம் ஒதுக்கி உட்கார வைக்க வேண்டும். குரைப்பில் குதிரை மிரண்டால் வண்டியிலிருக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து.

வீடு திரும்பிய பிறகும் சில நாட்களுக்கு உண்ணித் தடவல் தொடர வேண்டும். லைம் நோயில் நாய் நொண்டத் தொடங்குவது சில மாதங்கள் கழித்தும் நிகழலாம். ஆற்றோர ஈரமண்ணிலும் மக்கிய மரத்திலும் வளரும் பிளாஸ்டோமைசிஸ் என்ற பூஞ்சையும் விஸ்கான்சினில் உண்டு. தோண்டி முகரும் நாயின் நுரையீரலில் அது குடியேறி, பல வாரம் கழித்து இருமலாகவும் மெலிவாகவும் கண் சிவப்பாகவும் வெளிப்படும். அந்தப் பூஞ்சை இல்லாத ஊரின் மருத்துவருக்கு அது உடனே தோன்றாமல் போகலாம். ஆகஸ்டிலோ அக்டோபரிலோ நாய் இருமினால், கோடையில் விஸ்கான்சின் ஆற்றோரம் முகாமிட்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.