அம்பல், அலர் மரபின் நோக்கில் முகநூல் ஆவணக் கசிவும் எதிர்வினைகளும்

ஆய்வுச்சுருக்கம்

முகநூல் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021ஆம் ஆண்டு வெளியானபோது எழுந்த எதிர்வினைகளை அகப்பொருள் மரபின் அம்பல், அலர் என்னும் கருத்தாக்கங்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில் 2019இல் ஏற்பட்ட பதற்றம் ஒப்புநோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அம்பல், அலர், வரைவு, ஆவணக் கசிவு, வசைமொழி, பொன்னமராவதி.

முன்னுரை

முகநூலின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களை 2021 செப்டம்பர் முதல் இதழ்கள் வெளியிட்டன. அக்டோபர் 5 அன்று அவர் அமெரிக்க செனட் குழுவின்முன் சாட்சியமளித்தார். இந்நிகழ்வைக் 'கசிவு' என்பார்க்கு அது காப்பில் நேர்ந்த குறை. 'அம்பலம்' என்பார்க்கு மறைக்கப்பட்ட உண்மையின் வெளிப்பாடு. சொல்தேர்வே எதிர்வினையின் முதற்படியாகிறது.

அம்பலும் அலரும்

களவு வெளிப்படுதற்கு அம்பலும் அலரும் காரணமாதலைத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. வாய்விட்டுச் சொல்லாத முகிழ்நிலையை அம்பல் என்றும், இன்னார்க்கும் இன்னார்க்கும் உறவென விளங்கச் சொல்லும் நிலையை அலர் என்றும் இறையனார் களவியலுரை வேறுபடுத்துகிறது. அலர் வெறும் பழிச்சொல்லன்று. தலைவனை வரைவுக்கு, அதாவது ஊரறியப் பொறுப்பேற்றலுக்கு, உந்தும் ஆற்றலும் அதற்குண்டு. இவ்வகையில் நிறுவன ஆய்வாளர் தமக்குள் எழுதிய எச்சரிக்கைகளை அம்பலாகவும், அவை உலகறிந்த நிலையை அலராகவும் கொள்ளலாம்.

ஆவணங்களில் இந்தியா

2019 பிப்ரவரியில் நிறுவன ஆய்வாளர் ஒருவர் இந்தியப் பயனர் ஒருவருக்குரியதாகச் சோதனைக் கணக்கொன்றைத் தொடங்கினார். தளம் பரிந்துரைத்தவற்றை மட்டும் அது பின்தொடர்ந்தது. மூன்று வாரங்களுக்குள், குறிப்பாகப் புல்வாமா தாக்குதலுக்குப் பின், வெறுப்புரையும் பொய்ச்செய்தியும் வன்முறைப் படங்களும் அதில் நிறைந்தன. பொய்ச்செய்தியை வகைப்படுத்துவதற்கான நேர ஒதுக்கீட்டில் 87 விழுக்காடு அமெரிக்காவுக்கும், எஞ்சிய 13 விழுக்காடு பிற நாடுகள் அனைத்திற்கும் உரியதாக ஓர் ஆவணம் காட்டியது. இக்கணக்கு முழுமையானதன்று என நிறுவனம் மறுத்தது. எனினும், இந்தியாவின் 22 அட்டவணை மொழிகளுள் ஐந்தில் மட்டுமே தன் செயற்கை நுண்ணறிவு பயிற்றப்பட்டிருப்பதாக அந்நிறுவனமே அப்போது கூறியது.

எதிர்வினைகள்

ஆவணங்கள் தேர்ந்தெடுத்துத் திரிக்கப்படுவதாக மார்க் சக்கர்பெர்க் கூறினார். டெல்லிச் சட்டமன்றத்தின் அமைதி, நல்லிணக்கக் குழு 2021 நவம்பரில் நிறுவன அலுவலரை விசாரித்தது. அதற்குமுன், அக்டோபர் 28 அன்று, தாய்நிறுவனத்தின் பெயர் மெட்டா என மாறியது. பெயர்மாற்றம் வரைவாகாது. அலர் எழுந்தும் பொறுப்பேற்பு நிகழாத நிலையே இங்குப் புலப்படுகிறது.

பொன்னமராவதி

2019 ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவை ஒட்டிய நாள்களில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்திய குரல்பதிவு வாட்ஸ்அப்பில் பரவியது. பொன்னமராவதியில் மக்கள் திரண்டனர், கல்வீச்சு நிகழ்ந்தது, 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. வாட்ஸ்அப் அதே நிறுவனத்தின் உடைமையாயினும், அதன் செய்திகள் மறையாக்கம் செய்யப்படுபவை. எனவே முகநூலின் பரிந்துரைமுறை பற்றிய முடிவுகளை இதன்மேல் நேராக ஏற்றிச் சொல்ல இயலாது. ஆயினும் ஓர் உண்மை தெளிவாகிறது. ஊர் அலரில் சொல்பவரைக் கேட்பவர் அறிவர். சொல்லின் தகுதியை ஆளறிந்து எடைபோடுவர். கைப்பேசிவழி வரும் அலருக்கு முகமில்லை. மேலும், ஒரு சொல் வசையாவது அகராதிப் பொருளால் மட்டுமன்று. யார், யாரை, எவ்வூரில், எக்குரலில் சொன்னார் என்பதாலும் ஆகும். இச்சூழற்பொருளைத் தமிழறியாப் பொறி உணராது.

முடிவுரை

1. ஆவணங்கள் வெளியானமை அம்பலை அலராக்கியது. அலர் வரைவாக முதிரவில்லை.

2. எதிர்வினைகள் நிறுவனத்தின் நேர்மையை வினவிய அளவிற்கு, ஒவ்வொரு மொழிக்கும் உரிய பாதுகாப்பையும் வினவுதல் வேண்டும்.

3. வட்டார வசைமொழிகளைச் சூழலுடன் தொகுத்து விளக்குதல் தமிழாய்வின் உடனடிப் பணியாகும். பொன்னமராவதி போன்ற ஊர்களின் அமைதிக்கு அப்பணி பயன்படும்.