கடல் மரபைக் காப்போரும் கரிம அறிவும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்)

முன்னுரை

ஓசூருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று தோழியர் கேட்கலாம். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. கர்நாடக எல்லையை ஒட்டிய நம் ஊரில் அலையோசை கேட்பதில்லை. ஆலைச் சங்கின் ஓசைதான் கேட்கிறது. ஆயினும் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு, கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரி அணையையும் கடந்து, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆற்றுநீர் கடலைச் சேர்வதை நாம் கண்ணால் காண்கிறோம். நம் ஊர்திகளும் ஆலைகளும் விடும் கரியமில வாயு கடலைச் சேர்வதைத்தான் காண்பதில்லை. கடலோரத்தில் நம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வங்களுக்கும் அந்த வாயுவுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரையில் காண்போம்.

கடல்சார் மரபு எது?

கடலை நம்பி வாழ்ந்த மக்களின் கட்டடங்கள், கலங்கள், கைத்திறன்கள் ஆகிய அனைத்தும் கடல்சார் மரபாகும். மாமல்லபுரத்தில் 8ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயில், 1620இல் டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் கட்டத் தொடங்கிய கோட்டை, 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்கள் ஆகியவை கட்டடங்களுக்குச் சான்று. கட்டுமரமும் தூத்துக்குடித் தோணியும் கலங்களுக்குச் சான்று. தோணி கட்டும் தச்சரின் கைத்திறனும் காக்கப்பட வேண்டிய மரபே. குஜராத் மாநிலம் லோத்தலில் தேசியக் கடல்சார் மரபு வளாகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2024இல் ஒப்புதல் அளித்தது.

கரிம அறிவு என்றால் என்ன?

எழுதப் படிக்கத் தெரிவதை எழுத்தறிவு என்கிறோம். அதுபோல, நாம் அன்றாடம் செய்யும் செயல்களால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது, அதனால் என்ன விளைகிறது, அதை எவ்வாறு குறைக்கலாம் என்று அறிந்திருப்பதே கரிம அறிவு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொடங்கிய ஓர் இயக்கம் இதற்கென ஒரு நாள் அளவிலான பயிற்சியை வகுத்துள்ளது. பயிற்சி பெறுபவர் தாம் தனியாகச் செய்யும் செயல் ஒன்றையும், பிறரோடு சேர்ந்து செய்யும் செயல் ஒன்றையும் உறுதிமொழியாக எழுதித் தர வேண்டும். அங்கே அருங்காட்சியகப் பணியாளர்களுக்கென்றும் தனிப் பாடம் அமைத்திருக்கிறார்கள்.

நம் வேதியியல் பாடமே இதற்கு அடிப்படை. 12 கிராம் கரி 32 கிராம் ஆக்சிஜனுடன் எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு உண்டாகிறது. அதாவது 1 கிலோ கரி எரிந்தால் சுமார் 3.7 கிலோ வாயு! ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 0.7 கிலோ கரி இருப்பதால், அது எரியும்போது சுமார் 2.6 கிலோ வாயு வெளிவருகிறது. எரிபொருளைவிட அதன் புகை கனமானது என்பது வியப்பல்லவா?

கடலுக்கு வரும் கேடு

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. இதனால் பூமியில் மிகும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலே ஏற்கிறது. வெப்பத்தால் நீர் விரிவடைகிறது. பனிமலைகளும் உருகிக் கடலில் சேர்கின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடலோரத்தின் எல்லா அழிவுக்கும் கரியமில வாயு காரணமன்று. 2004ஆம் ஆண்டுச் சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் பல காலமாகவே அரித்துவந்தது. ஆனால் கடல்மட்டம் உயர உயர, ஒவ்வொரு புயலின் அலையும் முன்னைவிட உள்ளே வருகிறது. உப்புக் காற்று கல்லையும் அரிக்கும். அதனால்தான் மாமல்லபுரத்தில் கோயிலைச் சுற்றிக் கற்களைக் கொட்டி, சவுக்கு மரங்களை நட்டிருக்கிறார்கள். மரபைக் காப்பவர்க்கு எது பழைய பகை, எது புதிய பகை என்று பிரித்தறியத் தெரிய வேண்டும்.

காப்போர் கற்க வேண்டியவை

முதலாவது, கட்டடப் பழுது. உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது. நம் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தைப் பயன்படுத்தினார்கள். சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது வாயு வெளியேறுவது உண்மையே. ஆனால் பூசிய சாந்து இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் உட்கொண்டு கால்சியம் கார்பனேட் ஆகிறது. பழைய சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் சுவரைக் கெடுக்கும். ஆகவே சுண்ணாம்பு காற்றுக்கும் நல்லது, சுவருக்கும் நல்லது.

இரண்டாவது, மின்சாரம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஓர் அருங்காட்சியகத்தின் குளிர்சாதனம் நாளுக்கு 10 யூனிட் செலவழித்தால் 300 நாளில் 2,100 கிலோ ஆகும். ஓலைச் சுவடிக்கும் பழைய வரைபடத்திற்கும் குளிர்ச்சி தேவைதான். கல் நங்கூரத்திற்கும் பீரங்கிக் குண்டிற்கும் தேவையில்லை. எந்த அறைக்கு எது வேண்டும் என்று பார்த்துச் செலவிட வேண்டும். கலங்கரை விளக்கங்கள் பல இன்று சூரிய ஒளி மின்சாரத்தால் எரிவதை முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, பார்வையாளர் பயணம். ஓசூரிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் பேருந்து போய்வர 150 லிட்டர் டீசல் செலவாகும். அதாவது 390 கிலோ வாயு. 50 மாணவியர் சென்றால் ஆளுக்கு 8 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் நால்வர் சென்றால் 40 லிட்டர் பெட்ரோல். ஆளுக்குச் சுமார் 23 கிலோ! சேர்ந்து செல்வதன் பயன் இக்கணக்கில் விளங்கும்.

நான்காவது, பழங்கலங்கள். வ.உ.சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் நீராவிக் கப்பல்கள். அத்தகைய பழைய நீராவிக் கப்பல் ஒன்றைப் பேணுபவர் அதை இன்று ஓட்டிக் காட்ட நிலக்கரி எரித்தாக வேண்டும். ஓட்டாமலே நிறுத்திவிட்டால் ஓட்டும் கலை மறைந்துவிடும். இதற்கு எளிய விடை இல்லை. ஆண்டில் எத்தனை நாள் ஓட்டுவது என்று கணக்கிட்டு முடிவு செய்வதே நேர்மை. காற்றையே எரிபொருளாகக் கொண்ட பாய்மரத் தோணிக்கு இந்தக் கவலையே இல்லை.

ஒரு கேள்வி

"பெரிய ஆலைகள் இருக்க, அருங்காட்சியகக் காவலருக்கு எதற்கு இந்தப் பாடம்?" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆலைகளின் பொறுப்பு பெரிது. அதை யாரும் மறுக்க முடியாது. நம் மாவட்டத்திலேயே மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஆலைகள் வந்துள்ளன. அந்த வண்டிக்கு ஊட்டும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் புகையில் ஒரு பகுதி இடம் மாறுகிறது. சூரியனிலிருந்து வந்தால்தான் முழுப் பயன். ஆனால் ஆலைக்குள் பொதுமக்கள் செல்வதில்லை. கோட்டைக்கும் கோயிலுக்கும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அலை தொடும் சுவரைக் காட்டி ஒரு வழிகாட்டி சொல்லும் இரண்டு வாக்கியங்கள், புத்தகத்தின் இருபது பக்கங்களைவிட நெஞ்சில் நிற்கும். அவர் கற்றால் ஊரே கற்கும்.

முடிவுரை

கடற்கரை மக்கள் பலர் எரிக்கும் எரிபொருள் குறைவு. அவர்கள் இழப்பதோ வீடும் கோயிலும். உள்நாட்டில் வாழும் நாம் எரிப்பது அதிகம். இழப்பது இப்போதைக்குக் குறைவு. ஆகவே இக்கல்வி கடற்கரைக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. தோழியரே, நாமும் ஆளுக்கு இரண்டு உறுதிமொழி எடுப்போம். தனியாக: ஆளில்லாத அறையில் விளக்கும் விசிறியும் ஓட விடமாட்டேன். கூட்டாக: வகுப்புதோறும் மாத மின்கணக்கை எழுதி, அறிவிப்புப் பலகையில் வைப்போம். பெற்றோரும் வீட்டு மின்கட்டண அட்டையைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கணக்கிடச் சொல்லலாம். சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள். உயரும் கடலுக்கும் அது பொருந்தும், நாம் செய்யும் சேமிப்புக்கும் பொருந்தும்.