தூக்கம் கெட்டால் கவனமும் கெடும்



"மண்டையில ஒண்ணும் ஏறாது", "ஒரு இடத்துல உட்கார மாட்டான்", "சொல்றது காதுலயே விழாது." நம் பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் இப்படிப் பேசுவதைக் கோலா குபு பாரு பக்கம் ஞாயிறு சமய வகுப்பு எடுக்கும் நான் அடிக்கடி கேட்கிறேன். இந்தப் பாடத்தில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளை இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறது?

ஒரு சின்னக் கணக்கு

6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது.

இப்போது நம்ம வீட்டுக் கணக்கைப் போடுவோம். பள்ளி வேன் 6.15க்கு வரும் என்றால், பிள்ளை 5.30க்கு எழ வேண்டும். 9 மணி நேரம் தூங்க, 8.30க்கே கண் மூட வேண்டும். ஆனால் டியூஷன், சாப்பாடு, டிவி, கைப்பேசி எல்லாம் முடிய 11 ஆகிவிடுகிறது. கிடைப்பது ஆறரை மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டரை மணி குறைந்தால், ஐந்து பள்ளி நாளில் பன்னிரண்டரை மணி நேரக் கடன்!

நம் நாட்டுக் கடிகாரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வர வேண்டும் என்று 1982 பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதனால் நம் பக்கம் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழுகிறது. பிள்ளை எழுவது நல்ல இருட்டில்.

பால்வெட்டுக் காலத்தில் லயமே விடியுமுன் எழுந்தது, பெரட்டுக்குப் போனது. இரவிலும் சீக்கிரம் அடங்கியது. இன்று அப்பாவுக்கு ஒரு ஷிப்ட், அம்மாவுக்கு வேறு ஷிப்ட், அண்ணனுக்கு இரவு வேலை. டிவி ஓடும் அதே ஹாலில்தான் சின்னப் பிள்ளைக்கும் பாய்.

தூக்கம் குறைந்தால் என்ன நடக்கும்?

பெரியவர்களுக்குத் தூக்கம் குறைந்தால் கொட்டாவி வரும், சோர்வு வரும். பல பிள்ளைகளுக்கு நேர்மாறாகத் துறுதுறுப்பும் கோபமும் கூடும். கவனத்தையும் பொறுமையையும் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி தூக்கக் குறைவால் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. பார்ப்பவர்கள், "சேட்டை" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடும் வெளியில் பார்க்க இப்படித்தான் இருக்கும். அது உண்மையான குறைபாடு. கண்ணேறும் இல்லை, தாயின் வளர்ப்புக் குறையும் இல்லை. 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, ஆறு மாதமாவது நீடிக்கிறதா, வீடு பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிகிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் முடிவு சொல்வார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தூக்கப் பிரச்சினையும் சேர்ந்தே இருக்கும். எனவே, "நல்லாத் தூங்கினா எல்லாம் சரியாயிடும்" என்று நாமே தீர்ப்பு சொல்லக் கூடாது.

குறட்டையைக் கவனியுங்கள்

"அசந்து தூங்குறான், குறட்டை விடுறான்" என்று சந்தோஷப்பட வேண்டாம். தொண்டைச் சதையான டான்சிலும், மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டும் வீங்கினால் தூக்கத்தில் மூச்சு தடைபடும். எட்டு மணி நேரம் படுத்தாலும் மூளைக்கு ஓய்வு இருக்காது.

2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த அறுவை சிகிச்சைக்கு முன் ஏ.டி.எச்.டி. இருந்த 22 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஓராண்டு கழித்து அது இல்லை. ஆனால் 464 பிள்ளைகளை வைத்து நடந்து, 2013இல் வெளியான பெரிய ஆய்வில், கவனச் சோதனையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நடத்தையும் தூக்கமும்தான் மேம்பட்டன. ஆகவே கத்தி வைத்தால் கவனம் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். குறட்டையை அலட்சியப்படுத்தவும் வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

1. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், குறட்டை, இரவில் விழித்தது.
2. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் கைப்பேசி பிள்ளையின் கையை விட்டுப் போகட்டும். அண்ணன் அக்காவும் அப்படியே செய்தால்தான் தம்பி கேட்பான்.
3. மாலைக்குப் பிறகு தேநீர், கோலா வேண்டாம்.
4. மறுநாள் பள்ளி இருந்தால், பஜனை, நடனப் பயிற்சி எல்லாம் 8 மணிக்குள் முடியட்டும்.
5. குறட்டை, மூச்சுத் திணறல், ஓயாமல் கால் உதறுவது இருந்தால் அரசாங்க சுகாதார கிளினிக்குக் கூட்டிச் செல்லுங்கள். கால் உதறலுக்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம். நோட்டையும் ஆசிரியரின் குறிப்பையும் கொண்டுபோங்கள். நீங்களாகத் தூக்க மருந்து கொடுக்காதீர்கள்.

பகவத் கீதையின் 6ஆம் அத்தியாயம், உணவிலும் உறக்கத்திலும் அளவறிந்தவனுக்கே யோகம் கைகூடும் என்கிறது. மிகுதியாகத் தூங்குபவனுக்கும் அது இல்லை, தூங்காமலே இருப்பவனுக்கும் இல்லை. தியானத்துக்குச் சொன்னது ஐந்தாம் ஆண்டுக் கணக்குப் பாடத்துக்கும் பொருந்தும்.

"மக்கு" என்று பெயர் வாங்கிய பிள்ளை அதை நம்பிவிட்டால், படிவம் மூன்றுக்குள் படிப்பையே கைவிட்டுவிடும். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் தூக்கத்தை விசாரிக்க ஒரு அண்ணனோ அக்காவோ வேண்டும்.

கலந்துரையாட

- உங்கள் வீட்டில் கடைசி விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது?
- உங்களுக்குத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கு இந்த வாரம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுப்பீர்கள்?