இராமசாமியும் ராமசாமியும்: தரவுத்தளத்துக்கு இலக்கணம் கற்பித்தல்

ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாக வாரா என்பது நாம் கீழ்வகுப்பிற் கற்ற பாடம். பிறமொழிச் சொற்கள் தமிழில் வழங்குங்கால் ரகரத்தின் முன் அ, இ, உ என்னும் மூன்று குறில்களும், லகரத்தின் முன் இ, உ என்னும் இரண்டும், யகரத்தின் முன் இகரமும் வந்து நிற்கும் எனப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலில் விதித்தார். ரங்கன் அரங்கனாவதும், ராமன் இராமனாவதும், லோகநாதன் உலோகநாதனாவதும் இவ்விதியாலேயாம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தி அன்று. பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்குப் பத்திரத்திலுள்ள ஒவ்வோர் எழுத்தும் பெரும்பொருளுடையதாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மூதாதையரின் பிறப்புக்குச் சான்று கேட்டது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 2003இல் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. பத்திரங்களின் தேவை மட்டும் ஒழியவில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'ராமசாமி', பாடசாலைச் சேர்வுப் பதிவேட்டில் 'இராமசாமி' எனின், இருவரும் ஒருவரே என நிறுவும் சுமை தொழிலாளியின் தலைமேல் விழுகின்றது. என் மாணவன் ஒருவனின் தந்தையார் இதன்பொருட்டு ஓர் அலுவலகத்துக்கு மும்முறை சென்று மீண்டார். கணினியோ இரண்டையும் வெவ்வேறு பெயர்கள் என்றே காட்டிற்று.

அதற்கு இலக்கணம் தெரியாது. எழுத்துக் குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடவே தெரியும். அதற்கு இலக்கணம் கற்பிக்கலாமா? கற்பிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தகவல்களை நிரைகளும் நிரல்களும் உள்ள அட்டவணைகளாக வைத்தாளும் முறையை 1970இல் எட்கர் கொட் என்னும் அறிஞர் வகுத்தார். அதன்வழி எழுந்தவையே தொடர்புசார் தரவுத்தளங்கள். தொடக்க காலத்தில் அவை எண், எழுத்துத்தொடர் முதலிய சில தரவு வகைகளையே அறிந்திருந்தன. பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் லோரன்ஸ் ரோவும் போஸ்ட்கிரெஸ் என்னும் அமைப்பின் திட்டத்தை 1986இல் வெளியிட்டனர். பயன்படுத்துவோரே புதிய தரவு வகைகளையும் சார்புகளையும் வரையறுத்துத் தரவுத்தளத்தை விரிக்கலாம் என்பது அதன் தலையாய கொள்கைகளுள் ஒன்று. 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் எனப் பெயர் பெற்ற அதன் வழித்தோன்றல் இன்று எவரும் விலையின்றிப் பெறக்கூடியது.

சார்பு என்பது ஓர் உள்ளீட்டைப் பெற்று ஒரு வெளியீட்டைத் தரும் விதி. நன்னூல் விதியை அவ்வாறு எழுதுவோம்: பெயரின் முதற்குறி அ, இ, உ என்பவற்றுள் ஒன்றாகவும் அடுத்தது ரகரமாகவும் இருப்பின், முதற்குறியை நீக்கி எஞ்சியதைத் தருக, லகர யகரங்களுக்கும் அவற்றுக்குரிய குறில்களைக் கொண்டு அவ்வாறே செய்க. 'இராமசாமி', 'ராமசாமி' ஆகிய இரண்டும் இப்போது 'ராமசாமி' என்னும் ஒரே ஒப்பீட்டு வடிவத்தைத் தரும்.

மாணவர் இங்கே ஒரு தடை எழுப்புதல் வேண்டும். 'அர்ச்சுனன்' என் ஆவான்? கணினியில் 'ர்' என்பது ரகரமும் புள்ளியுமாக இரு குறிகளால் அமைவது. ஆகவே நம் விதி அகரத்தை நீக்கி, ஒற்றில் தொடங்கும் ஒரு வடிவத்தைத் தந்துவிடும். மூன்றாங்குறி புள்ளியாயின் நீக்கற்க என்னும் புறனடை வேண்டும். இதனைக் காண்பவர் இலக்கணம் கற்றவரே.

இச்சார்பு இயங்கும் முறை எளிது. அதன் பெயர், உள்ளீட்டு வகை, வெளியீட்டு வகை, எழுதப்பட்ட மொழி ஆகியன தரவுத்தளத்தின் உள்ளக அட்டவணை ஒன்றிற் பதியப்படும். வினவலில் அப்பெயர் வந்ததும், தரவுத்தளம் பெயரையும் உள்ளீட்டு வகையையும் கொண்டு உரிய சார்பைத் தேடி எடுத்துத் தரவுள்ள இடத்திலேயே இயக்கும். ஆயிரக்கணக்கான பெயர்களை வெளியே சுமந்து வந்து ஒப்பிட வேண்டுவதில்லை.

மூன்று காவல்கள் உள. ஒன்று: விரைந்து தேடுதற்பொருட்டு ஒப்பீட்டு வடிவத்துக்குச் சுட்டி அமைக்கலாம், ஆயின் ஒரே உள்ளீட்டுக்கு எக்காலத்தும் ஒரே வெளியீடு தரும் என உறுதிகூறப்பட்ட சார்புக்கே அஃது அமையும். பின்னாளில் விதியைத் திருத்தினால், பழைய சுட்டி தானே திருந்தாது. அதனை மீள அமைத்தல் வேண்டும். இரண்டு: சி மொழியில் எழுதிய சார்பு சேவையகச் செயன்முறைக்கு உள்ளேயே ஏற்றப்படுவது, அதன் பிழை சேவையகம் முழுவதையும் வீழ்த்தக்கூடும். ஆதலின் அத்தகைய சார்பைச் சேர்க்கும் அதிகாரம் தலைமை நிருவாகிக்கே உரியது. மூன்று: ஒப்பீட்டு வடிவம் பெயர் அன்று. மூலப் பெயரை ஒருபோதும் அழித்தெழுதலாகாது. ஒரே தோட்டத்தில் இரண்டு ராமசாமிகள் இருத்தலும் கூடும். பிறந்த நாளையும் தந்தை பெயரையும் நோக்கி முடிவுசெய்ய வேண்டியவர் மனிதரே.

கணினித்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். நம் கல்லூரியின் சேர்வுப் பதிவேடுகளிலிருந்தே அவர்கள் இப்பணியைத் தொடங்கலாம். இலக்கண வகுப்பிலுள்ள மாணவரை அருகே இருத்திக்கொண்டு தொடங்குவாராயின், அர்ச்சுனனுக்கும் இடர் நேராது. ராமசாமியும் நான்காம் முறை நடக்க வேண்டியிராது.