வயிற்று வாரும் குதிரையின் அச்சமும்

எங்கள் பக்கத்து ஐயனார் கோவில்களில் நிற்கும் மண் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் மண்ணாலேயே செய்திருப்பார்கள். அவை முணுமுணுப்பதில்லை. உயிருள்ள குதிரைக்கு வார் பூட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சங்கடம் தெரியும்!

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய சிற்றூரில் என் தாய்மாமன் திருமண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தேர்வுக் கட்டணத்தில் பாதி அந்தக் குதிரை சம்பாதித்தது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சென்ற ஆண்டு ஆனி மாதம், சேணத்தை இறுக்கும்போது அது மாமாவின் தோளைக் கடித்துவிட்டது. கடிக்கிற குதிரையில் எந்த மாப்பிள்ளை ஏறுவார்? ஆடியில் முகூர்த்தமும் இல்லை. தீனிச் செலவு மட்டும் உண்டு. அந்தியூர்க் குதிரைச் சந்தையும் ஆடியில்தான் கூடுகிறது. விற்றுவிடுவதென்று முடிவாயிற்று.

"மாப்ளே, நீ விலங்கியல் படிக்கிறியே, இதுக்கு என்னதான் கோளாறுன்னு பாரேன்" என்றார் மாமா.

குதிரைக்கு நம்மைப்போல் காறை எலும்பு இல்லை. முன்னங்கால்களுக்கு நடுவே உடலைத் தசைகளே தொட்டில்போல் தாங்குகின்றன. வார் அழுத்துவது அத்தசைகள் சேரும் நெஞ்சுப் பகுதியைத்தான். ஒரே இழுப்பில் இறுக்கினால் குதிரை உடலை விறைத்து உப்பிக்கொள்ளும். மூச்சடக்கி ஏமாற்றுகிறது என்று முழங்காலால் இடிப்பவர்களும் உண்டு. அது ஏமாற்றன்று, அச்சம். மணியோசைக்கு எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்களைப் படித்திருக்கிறோம் அல்லவா? எங்கள் குதிரை சேணத்தைக் கண்டதுமே காதை மடக்கியது.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். இரைப்பைப் புண் இருந்தாலும் இப்படி முரண்டும் என்றார். எங்கள் குதிரைக்கோ முழங்கைக்குப் பின்னால் மயிர் தேய்ந்து தோல் உரிந்திருந்தது. வியர்வை உப்பும் செம்மண்ணும் காய்ந்து வார் அரம்போல் ஆகியிருந்தது. குற்றம் எங்களுடையதே! கடல் கடந்து பாண்டிய நாட்டுக்கு வந்த குதிரைகள் பராமரிப்பு அறியாதவர்களிடம் மடிந்ததை மார்க்கோ போலோ எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது.

சந்தைக்குப் போக வேண்டாமென்று கெஞ்சி ஆடி முழுவதும் தவணை வாங்கினேன். புண் ஆறும்வரை வாரே இல்லை. பிறகு வாரை வெறுமனே காட்டி, பிடரி முடியும் இடத்தில் சொறிந்துகொடுத்தேன். அங்கே சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைவதாக 1993இல் ஓர் ஆய்வு வெளிவந்துள்ளது. தாடையடியில் விரல் வைத்து நானும் எண்ணினேன். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டியது, வாரைக் கண்டதும் 60ஐத் தாண்டியது, நாளடைவில் இறங்கியது.

அடுத்து, வார் படும் இடத்தில் கையை வைத்தேன். இங்கேதான் பொறுமை வேண்டும். குதிரை அசையாமல் நிற்கும் கணத்தில் கையை எடுக்க வேண்டும். திமிறும்போது எடுத்தால், திமிறினால் தப்பலாம் என்று அது கற்றுக்கொள்ளும். நான் முதல் வாரம் அப்படித்தான் கெடுத்தேன்.

பின்னர், கழுவி உலர்த்திய வாரைத் தளர்வாக முதல் துளையில் மாட்டி, பத்தடி நடத்தினேன். இன்னொரு துளை, மீண்டும் பத்தடி. முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னே தூக்கி நீட்டினால் வாருக்கடியில் மடங்கிய தோல் விடுபடும். அதன் பிறகே கடைசித் துளை. அப்போதும் விரல்கள் தட்டையாக நுழைய இடம் இருக்க வேண்டும்.

ஆவணியின் முதல் முகூர்த்தத்தன்று மேளக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். மாமா பழக்கதோஷத்தில் வாரை ஓங்கி இழுக்கப்போனவர், என்னைப் பார்த்தார். ஒரு துளை மட்டும் மாட்டிவிட்டு, குதிரையைத் தெருமுனைவரை நடத்திச் சென்றார்.