சூரியன் வந்தால்: டாரட்டின் 19-ஆம் சீட்டைப் படிப்பவர்களுக்கு

டாரட் கட்டிலிருந்து சூரியன் சீட்டு விழுந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் மலர்ந்துவிடும். 78 சீட்டுகளில் இவ்வளவு வெளிப்படையாகச் சந்தோஷத்தைக் காட்டும் படம் வேறு இல்லை. அதனாலேயே இதை அவசரமாகப் படித்துவிடுகிறோம். மரணம், கோபுரம் போன்ற சீட்டுகள் வந்தால் ஒவ்வொரு கோட்டையும் விளக்குகிற ரீடர்கள், சூரியன் வந்தால் "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று ஒரே வரியில் முடித்து அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்தச் சீட்டு பேசுவது எல்லாவகைச் சந்தோஷத்தையும் பற்றி அல்ல. மறைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது வருகிற சந்தோஷத்தைப் பற்றி. அதைப் படத்திலிருந்தே படிக்க முடியும். கீழே உள்ளவை அதற்காகத்தான்.

செய்ய வேண்டியவை

பொருளைத் தேடுமுன் படத்தைப் பாருங்கள். இன்று அதிகம் புழங்குவது 1909-இல் லண்டனின் வில்லியம் ரைடர் நிறுவனம் வெளியிட்ட ரைடர்-வெயிட் கட்டு. அதில் மேலே முகத்தோடு கூடிய பெரிய சூரியன். கதிர்கள் ஒன்று நேராகவும் அடுத்தது நெளிந்தும் மாறி மாறி வருகின்றன. கீழே வெள்ளைக் குதிரை மேல் ஆடையில்லாத குழந்தை, இரு கைகளையும் விரித்தபடி. தலையில் பூமாலையும் ஒரு சிவப்பு இறகும். கையில் உடலைவிடப் பெரிய சிவப்புக் கொடி. பின்னால் கல் மதில், அதற்குமேல் நான்கு சூரியகாந்திகள். சீட்டை எடுத்தவரிடம் முதலில் கேளுங்கள்: "இதில் உங்கள் கண் எங்கே போகிறது?" கொடி என்பவரும் மதில் என்பவரும் ஒரே பதிலைக் கேட்டுப்போக வந்தவர்கள் அல்ல.

குதிரைக்குக் கடிவாளம் இல்லை என்பதைக் கவனியுங்கள். என்னைக் கேட்டால் இந்தச் சீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சேணம் இல்லை, கடிவாளம் இல்லை. குழந்தை எதையும் பிடித்துக்கொள்ளவும் இல்லை. ஆனாலும் விழவில்லை. பக்கத்திலேயே கோல் ஆறு என்ற சீட்டை வைத்துப் பாருங்கள். அதிலும் ஒருவர் குதிரையில் வருகிறார். ஆனால் ஆடை அணிந்து, வெற்றி மாலை சூடி, சுற்றிலும் கூட்டம் நடந்துவர, கடிவாளத்தைப் பிடித்தபடி வருகிறார். அது ஊர் பார்க்கும் வெற்றி. சூரியன் சீட்டில் பார்ப்பதற்கு யாருமே இல்லை. யாரையும் தோற்கடிக்காத, கைதட்டலுக்குக் காத்திராத சந்தோஷம் அது. பதவி உயர்வு, பரிசு, வழக்கில் ஜெயம் இவற்றைக் கேட்டு வந்தவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். அவர் தேடுவது கோல் ஆறாக இருக்கலாம். கையில் வந்திருப்பது சூரியன்.

இன்னொரு வெள்ளைக் குதிரையும் இதே கட்டில் உண்டு. 13-ஆம் சீட்டில் கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு, அதாவது மரணம், வெள்ளைக் குதிரையில்தான் வருகிறது. கையில் கறுப்புக் கொடி, அதில் வெள்ளை ரோஜா. குதிரையின் முன்னால் ஒரு குழந்தை மண்டியிட்டிருக்கிறது. பின்னணியில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்தால் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது தெரியும்: குதிரை மாறவில்லை, சவாரி செய்பவர் மாறிவிட்டார், கொடியின் நிறமும் மாறிவிட்டது. இழப்பிலிருந்து மீண்டு வருகிறவருக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான ஜோடி டாரட்டில் இல்லை என்று நம்புகிறேன்.

மதிலைப் பற்றிப் பேசுங்கள். பெரும்பாலான ரீடர்கள் தாண்டிப் போகும் இடம் இது. கட்டை வடிவமைத்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் (1857–1942) இதைச் சுற்றுச்சுவர் கொண்ட தோட்டமாகப் பார்த்தார். இவ்வுலக ஒளியிலிருந்து இனி வரப்போகும் ஒளிக்குக் கடந்து போவதை அந்தக் குழந்தை குறிக்கிறது என்பது அவர் கருத்து. அவ்வளவு ஆன்மிகம் வேண்டாம் என்றாலும் படம் ஒன்றைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. தோட்டம் மதிலுக்கு அந்தப் பக்கம்; குழந்தை இந்தப் பக்கம். பாதுகாப்பாக இருந்த ஓரிடத்தைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. ஆகவே இந்தச் சீட்டு வந்தவரிடம் "என்ன கிடைக்கப் போகிறது" என்று பேசுவதைவிட "எதை விட்டு வெளியே வந்திருக்கிறீர்கள்" என்று கேட்பது பலன் தரும். வீட்டை விட்டு முதன்முறை வேலைக்குப் போனவரும், பல வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டவரும் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வார்கள்.

வரிசையில் வைத்துப் படியுங்கள். மேஜர் அர்க்கானா என்ற 22 சீட்டுகளில் 16 கோபுரம், 17 நட்சத்திரம், 18 நிலா, 19 சூரியன். இடி விழுந்து சரிந்த கட்டடத்துக்குப் பிறகு சின்ன வெளிச்சம் ஒன்று தெரிகிறது. அடுத்து நிலா. நாயும் ஓநாயும் ஊளையிட, குளத்திலிருந்து நண்டு போன்ற ஒன்று ஏறிவர, பாதை எங்கே போகிறதென்றே தெரியாத இரவு. அதற்குப் பிறகுதான் பகல். நிலா சீட்டில் பயமுறுத்திய உருவங்கள் சூரியனில் போரிட்டு விரட்டப்படவில்லை. வெளிச்சம் வந்ததும் அவற்றுக்கு வேலை இல்லாமல் போகிறது. குழப்பத்தில் இருந்தவருக்கு இந்தச் சீட்டு தெளிவைச் சொல்கிறது. தெளிவு எப்போதும் இனிக்காது. சந்தேகப்பட்டது உண்மை என்று தெரிந்துபோவதும் தெளிவுதான். அதையும் மென்று விழுங்காமல் சொல்லுங்கள்.

கோபுரத்துக்கும் சூரியனுக்கும் நடுவே இரண்டு சீட்டுகள் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தக் கட்டு உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள். குதிரையும் சூரியகாந்தியும் எல்லாக் கட்டிலும் இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் மிலான் ஆட்சியாளர்களுக்காகக் கையால் தீட்டப்பட்ட விஸ்கோந்தி-ஸ்போர்ட்சா சீட்டில், ஒரு குழந்தை சிவந்த முகம் கொண்ட சூரியனைக் கைகளால் தூக்கிப் பிடித்திருக்கிறது. அப்போது ஐரோப்பாவில் சூரியகாந்தி கிடையாது. அது அமெரிக்காவிலிருந்து பிற்பாடு வந்த செடி. பிரான்சின் மார்செய் மரபுக் கட்டுகளில் ஒன்றுக்கு இரண்டு குழந்தைகள், மதிலின் முன்னே ஒருவரையொருவர் தொட்டபடி நிற்கிறார்கள். மேலிருந்து துளிகள் விழுகின்றன. அங்கே சந்தோஷம் தனியாக வருவதில்லை. நட்பு, உடன்பிறப்பு, இணை என்று பேச இடமிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பாரீஸில் ஜாக் வியேவில் அச்சிட்ட கட்டில்தான் கொடி பிடித்துக் குதிரையில் வரும் குழந்தை தென்படுகிறது; வெயிட் கட்டு அந்தக் கிளையைச் சேர்ந்தது. ஆங்கிலேய மறைஞானி அலெய்ஸ்டர் க்ரௌலிக்காக ஓவியர் ஃப்ரீடா ஹாரிஸ் 1938-க்கும் 1943-க்கும் இடையில் தீட்டிய தோத் கட்டில், பச்சைக் குன்றின் முன் சிறகு முளைத்த இரண்டு குழந்தைகள் ஆடுகிறார்கள். சுற்றிலும் பன்னிரண்டு ராசிகள். குன்றின் உச்சியில் மட்டும் ஒரு மதில். மார்செய் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடிவாளத்தைப் பற்றிப் பேசினால் கேட்பவர் விழிப்பார்.

வரைந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். உலகெங்கும் பரவிய அந்தப் படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். 1878-இல் லண்டனில் பிறந்தார். சிறுவயதில் சில காலம் ஜமைக்காவில் வளர்ந்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் ஓவியம் படித்தார். வெயிட்டோடு அறிமுகமானது 'கோல்டன் டான்' என்ற மறைஞான சபையில். 1909-இல் சில மாதங்களுக்குள் 78 சீட்டுகளுக்கும் படம் வரைந்து கொடுத்தார். எண்களும் சின்னங்களும் மட்டுமே இருந்த சிறு சீட்டுகளில்கூட மனிதர்களையும் காட்சிகளையும் அவர் வரைந்ததால்தான், டாரட் தெரியாதவர்கூட இன்று படத்தைப் பார்த்துப் பேச முடிகிறது. கட்டின் பெயரிலோ பதிப்பாளரும் வெயிட்டும் மட்டும் இருந்தார்கள். ஸ்மித் 1951-இல் கார்ன்வால் பகுதியின் பியூட் ஊரில் கடன்களோடு இறந்தார். சீட்டுகளின் மூலையில் பாம்பு போல வளைந்த அவருடைய கையெழுத்துக் குறி இருக்கிறது. வருகிறவருக்கு அதைக் காட்டுங்கள். இப்போது பலர் இதை ரைடர்-வெயிட்-ஸ்மித் கட்டு என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லலாம்.

தலைகீழாக வந்தால் பதறாமல் படியுங்கள். வெயிட் தன் விளக்க நூலில் நேராக வந்தால் உலகியல் சந்தோஷம், நல்ல திருமணம், மனநிறைவு என்றும், தலைகீழாக வந்தால் அதே பொருள்தான், ஆனால் குறைந்த அளவில் என்றும் எழுதினார். தலைகீழ் என்றாலே கேடு என்று படிக்கும் பழக்கத்துக்கு இந்தச் சீட்டு அவரிடமே இடம் கொடுக்கவில்லை. நல்லது நடந்திருந்தும் அனுபவிக்க முடியாத நிலை, சிரிக்க வெட்கப்படுவது, தாமதம்: இப்படிப் படிப்பதே படத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

செய்யக்கூடாதவை

குழந்தையைப் பார்த்ததும் பிள்ளைப்பேறு சொல்லாதீர்கள். எல்லாத் தவறுகளிலும் இதுதான் அதிகம் காயப்படுத்துவது. பிள்ளைக்காக வருடக்கணக்கில் ஏங்கி, ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அலைந்து, உறவினர்களின் கேள்விகளுக்கு வாய்மூடி நின்ற ஒரு பெண்ணின் முன் இந்தச் சீட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வருஷமே தொட்டில் ஆடும்" என்று சொல்வது எவ்வளவு எளிது! அந்த வார்த்தையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோவார். மாதாமாதம் எடுத்துப் பார்ப்பார். கலைத்துப் போட்ட அட்டைகளுக்கு அவர் உடம்பைப் பற்றி எதுவும் தெரியாது. சீட்டில் இருக்கும் குழந்தை பயமில்லாத ஒரு மனநிலையின் உருவம். அந்த மனநிலை அவருக்குக் கடைசியாக எப்போது வாய்த்தது என்று கேளுங்கள். கருத்தரிப்பைப் பற்றியும் நோயைப் பற்றியும் பேச வேண்டியவர் மருத்துவர்.

"ஆமாம்" என்று முத்திரை குத்தாதீர்கள். ஆமாம், இல்லை என்று கேள்வி கேட்பவர்களுக்குச் சூரியனை "கண்டிப்பாக ஆமாம்" என்று சொல்லிக்கொடுக்கும் பட்டியல்கள் நிறைய உலவுகின்றன. நிலம் வாங்கலாமா, கடனுக்குக் கையெழுத்துப் போடலாமா, இருக்கிற வேலையை விடலாமா போன்ற கேள்விகளை அந்தப் பட்டியலிடம் கொடுக்கக் கூடாது. பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும், வட்டியைக் கணக்குப் போட வேண்டும். சீட்டு உதவக்கூடியது ஒன்றுதான்: அந்த முடிவில் நீங்கள் யாரிடம் எதை மறைக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ள ஒரு வாய்ப்பு தரும்.

ஜாதகச் சூரியனோடு கலக்காதீர்கள். நம் ஊரில் டாரட் பார்க்கிறவர்களில் பலர் ஜோதிடமும் பழகியவர்கள். "சூரியன் நீசமாக இருக்கிறாரே, சீட்டில் மட்டும் எப்படி நல்லது?" என்று குழம்புகிறார்கள். நம் ஜோதிடத்தில் சூரியன் தந்தைக்கும் அதிகாரத்துக்கும் உரியவர். இயல்பில் பாபக் கிரகமாகவே எண்ணப்படுபவர். டாரட்டின் சூரியன் வேறு மண்ணில் முளைத்த படம்; அங்கே தந்தையும் இல்லை, தண்டனையும் இல்லை. சூரியன் சீட்டு வந்ததென்று ஞாயிற்றுக்கிழமைப் பரிகாரமும் மாணிக்கக் கல்லும் பரிந்துரைப்பது இரண்டு மரபுக்கும் நியாயம் செய்யாது.

எகிப்தியப் பூசாரிகளின் ரகசியம் என்று சொல்லாதீர்கள். 1781-இல் அந்தக் கதையைக் கிளப்பியவர் கூர் து ஷெப்லின் என்ற பிரெஞ்சுக்காரர். எகிப்தின் சித்திர எழுத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் படித்துக்காட்டியதே 1822-இல்தான். டாரட் 15-ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் அதை விளையாடுகிறார்கள். குறி சொல்லும் பழக்கம் பரவலாக அதோடு சேர்ந்தது 18-ஆம் நூற்றாண்டில். விளையாட்டிலிருந்து வந்த சீட்டு என்பதால் இந்தக் குழந்தையின் மதிப்பு குறைந்துவிடாது.

பக்கத்துச் சீட்டுகளைச் சூரியனைக் கொண்டு மறைக்காதீர்கள். முதுகில் பத்து வாள் பாய்ந்து கிடக்கும் மனிதன் அருகிலேயே இருக்கும்போது "சூரியன் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்று தாண்டிப் போகாதீர்கள். அந்த வாள் பத்திலும் கறுத்த வானத்துக்குக் கீழே மஞ்சள் வெளிச்சம் ஒரு பட்டையாக வரையப்பட்டிருக்கிறது. அதை வைத்து இரண்டையும் இணைக்கலாம். ஆனால் முதலில் வாள்களைப் பற்றி அவர் பேசி முடிக்கட்டும். அண்மையில் உறவை இழந்தவரிடம் இந்தச் சீட்டைக் காட்டிச் சிரிக்கச் சொல்வது இன்னும் மோசம்.

அந்தச் சீட்டு வரும்வரை மறுபடி மறுபடி எடுக்காதீர்கள். 78-இல் ஒரு சீட்டு எடுத்தால் சூரியன் வர 78-இல் ஒரு வாய்ப்பு. மூன்று எடுத்தால் 26-இல் ஒன்று. வெயிட் தன் நூலில் விளக்கிய பத்துச் சீட்டு முறையில் ஏறக்குறைய 13 விழுக்காடு. எத்தனை முறை கலைத்தாலும் கணக்கு இதுதான். போதுமான தடவை எடுத்தால் எவருக்கும் வரும். அப்படி வரவழைத்த சீட்டால் மனம் கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு மறுநாளும் கட்டைத் தேடும். இந்தப் படம் பிடித்திருந்தால் கட்டிலிருந்து நீங்களே தேடி எடுத்து, முகம் மேலே தெரிய மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். குதிரையையும் மதிலையும் கொடியையும் பார்த்துத் தோன்றுவதைப் பத்து நிமிடம் எழுதுங்கள். அதற்குச் சீட்டைக் கலைக்கவே வேண்டியதில்லை.