நாணயத்தில் 1780, நகைக்கு வயது என்ன?

கேள்வி: மஸ்கட்டில் பதினோரு வருடங்களாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில். சென்ற மாதம் நிஸ்வா சந்தையில் ஒரு வெள்ளிக் கழுத்தணியைப் பார்த்தேன். நடுவில் பெரிய தாயத்துப் பெட்டி, இருபுறமும் சிவப்பு மணிகள், இடையிடையே ஒரு பெண்மணியின் தலை பொறித்த கனத்த நாணயங்கள். நாணயத்தில் 1780 என்று இருக்கிறது. "இருநூற்று நாற்பது வருடத்து நகை" என்கிறார் கடைக்காரர். விலையும் அதற்கேற்பத்தான் சொல்கிறார். இதை வாங்கி, பழைய ஓமானிய வெள்ளியைச் சேகரிக்கத் தொடங்கலாம் என்று ஆசை. அம்மாவிடம் போனில் சொன்னேன். "யார் கழுத்துல கிடந்ததோ! செத்தவங்க நகையை வீட்டுக்குக் கொண்டு வராதே" என்கிறார். வாங்கலாமா? அசலை எப்படிக் கண்டுகொள்வது? ஊருக்குக் கொண்டு வருவதில் சிக்கல் உண்டா?
– வாசகி, மஸ்கட்

பதில்: அந்த 1780-ஐ வைத்து விலை பேசாதீர்கள். நீங்கள் பார்த்தது மரியா தெரசா தாலர். ஆஸ்திரியாவை ஆண்ட அந்த அரசி இறந்த ஆண்டு 1780. அதன் பிறகும் அதே முகத்தோடு, அதே ஆண்டோடு அந்த நாணயத்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள். யேமன் காப்பிக்கொட்டைக்கு விலையாகச் செங்கடல் பக்கம் வந்து சேர்ந்த நாணயம் அது. அந்த முகத்தைப் பார்த்துப் பழகிய சந்தை வேறு முகத்தை நம்பவில்லை. 20ஆம் நூற்றாண்டில் வியன்னாவோடு ரோம், லண்டன், பாரிஸ் நாணயச்சாலைகளும் இதை அடித்தன. 1940-41இல் நம் பம்பாய் நாணயச்சாலையும் அடித்தது. எல்லாவற்றிலும் 1780தான். ஆகவே அந்த எண் நாணயத்தின் வயதையே சொல்லாது. நகையின் வயதை எப்படிச் சொல்லும்?

ஆனாலும் அந்த நாணயம் இல்லாமல் ஓமானிய வெள்ளி இல்லை. ஓமான் பழங்காலந்தொட்டுச் செம்புக்குப் பேர்போன மண். வெள்ளி மட்டும் கப்பலேறித்தான் வர வேண்டும், வந்தது காசாக. ஒரு தாலர் சுமார் 28.07 கிராம், ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி. ஆசாரி அதை அப்படியே உருக்கித் தகடாகவும் கம்பியாகவும் அடித்துக்கொண்டார். தோலா எடையில், 11.66 கிராமில் வந்த நம் வெள்ளி ரூபாயும் அந்த ஆசாரியின் உருக்குக் குகையில் உருகியிருக்கிறது. 1970இல் சொந்த ரியால் வரும்வரை ஓமானில் தாலரும் ரூபாயும் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின.

அந்த நாடு நின்ற இடம் அப்படி. 1650இல் போர்ச்சுகீசியரை மஸ்கட்டிலிருந்து விரட்டிய ஓமானியர், பிறகு கிழக்கு ஆப்பிரிக்கக் கரையையே கைக்குள் கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சையித் சைது பின் சுல்தான் தன் அரியணையையே சான்சிபாருக்கு மாற்றிக்கொண்டார். இன்று பாகிஸ்தானில் இருக்கும் குவாதர் துறைமுகம் 1958 வரை ஓமானுடையது. மஸ்கட்டிலும் மத்ராவிலும் கட்ச், சிந்து வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்தார்கள். ஆஸ்திரியாவின் வெள்ளி, குஜராத்தின் கம்பாத்தில் துளையிட்ட செம்மணி, ஐரோப்பியக் கண்ணாடி, கடலில் எடுத்த பவளம் எல்லாம் நிஸ்வா ஆசாரியின் ஒரே பட்டறையில் வந்து சேர்ந்தது இதனால்தான். கம்பி வேலையையும் குருமணி வேலையையும் பார்க்கும்போது நம்மூர் நகைபோல உங்களுக்குத் தோன்றியிருந்தால், கண் ஏமாறவில்லை. ஒரே கடலின் இரண்டு கரைகள் அவை.

இனி அம்மா சொன்னதற்கு வருகிறேன். அதே பேச்சை ஓமானியத் தாய்மார்களும் பேசியிருக்கிறார்கள். அங்கே வெள்ளி நகை மணப்பெண்ணுக்கு மஹராக, அதாவது மணக்கொடையாக வருவது. அவளுடைய சொந்தச் சொத்து. கணவன் அதில் கை வைக்க முடியாது. வறட்சியோ நோயோ வந்தால் ஒரு காப்பை விற்றுக்கொள்வாள். மணப்பெண்ணுக்குப் புது நகைதான் போட வேண்டும் என்பது வழக்கமாக இருந்ததால், அவள் இறந்த பின் பல குடும்பங்களில் நகை உருக்கப்பட்டு இன்னொரு பெண்ணுக்கு வேறு உருவில் போனது. வெள்ளி பழையது, வடிவம் புதியது. நூறு வயதைத் தாண்டிய ஓமானிய நகை அரிதாகக் கிடைப்பதற்கு முதல் காரணம் இந்தப் பழக்கம்.

இன்று சந்தையில் இருக்கும் நல்ல நகைகளில் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டில், 1970க்கு முன் செய்தவை. 1967இல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது. 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தார். சாலையும் சம்பளமும் வந்தன. பெண்கள் தங்கத்துக்கு மாறினார்கள். அணிந்தவர்களே கொண்டுவந்து கொடுத்த வெள்ளிதான் அந்தக் கடைகளில் குவிந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அதில் பெரும்பகுதி, உயிரோடிருந்த ஒருத்தி தன் மனத்தோடு விற்ற நகை.

அசலைக் கண்டுகொள்ள, நகையைக் கையில் வாங்கிப் பாருங்கள். முதலில் பின்பக்கம். பல வருடம் நெஞ்சில் உரசிய தகடு, கூழாங்கல் போல வழவழப்பாக இருக்கும். வளையங்களின் துளை, தொங்கிய பக்கமாக இழுபட்டு நீண்டிருக்கும். மணிகளின் ஓரம் ஒன்றோடொன்று உரசி மழுங்கியிருக்கும். தேய்மானம் என்பது உடம்பு பட்ட இடத்தில்தான் வரும். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது அரம் செய்த வேலை.

அடுத்து கறுப்பு. காலத்தால் வந்த கறுப்பு குழிகளுக்குள் ஒட்டிக் கிடக்கும், மேடுகள் வெளுத்திருக்கும். மருந்து போட்டு ஏற்றிய கறுப்பு மை பூசியதுபோல ஒரே மாதிரி இருக்கும். வெள்ளைத் துணியில் தேய்த்தால் கையோடு வரும். நாணயத்தின் விளிம்பையும் பாருங்கள். அசல் தாலரில் 'நீதியும் கருணையும்' என்று பொருள்படும் லத்தீன் வாசகம் விளிம்பைச் சுற்றி எழும்பி நிற்கும். அச்சில் வார்த்த போலியில் விளிம்பு வெறுமையாகவோ வார்ப்புக் கோட்டோடோ இருக்கும்.

காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். இரும்பை அது காட்டிக்கொடுக்கும். ஜெர்மன் சில்வரும் பித்தளையும் வெள்ளியைப் போலவே காந்தத்தில் ஒட்டாது. உரைகல்லிலோ, நகைக்கடையில் உள்ள எக்ஸ்ரே கருவியிலோ சோதித்துக்கொள்ளலாம். 925 முத்திரை இருந்தால் பழைய வேலை என்று எண்ண வேண்டாம். அந்தக் காலத்து ஓமானிய ஆசாரிகள் அந்த முத்திரை குத்தவில்லை. வெள்ளியின் மேல் ஆங்காங்கே தங்க ரேக்கு ஒட்டியிருந்தால் அதை ஒட்டுவேலை என்று தள்ளிவிடாதீர்கள். ஓமானிய ஆசாரியின் தனி அழகே அதுதான். பழைய பற்றவைப்புத் தழும்புகளும் குறையல்ல. உடைந்தபோது தூக்கிப் போடாமல் ஒருத்தி அதைச் சரிசெய்து போட்டுக்கொண்டாள் என்பதற்குச் சாட்சி.

உண்மையில் குறை என்பது கலப்படக் கோர்வை. நாலு வீட்டு நகையைப் பிரித்து, பார்ப்பதற்கு எடுப்பாக ஒரே நூலில் கோத்து விற்பது சந்தையில் சாதாரணம். நடுத் தாயத்தின் தேய்மானமும் பக்கத்து மணிகளின் தேய்மானமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நூல் புதியதாக இருந்தால், யார் எப்போது கோத்தது என்று கேளுங்கள். தாலரின் எண்ணிக்கை கூடினால் விலையும் கூடும் என்பதற்காகச் சேர்த்த நாணயமாகவும் இருக்கலாம். அதன் வளையம் மற்ற வளையங்களைவிடப் புதிதாகத் தெரியும்.

விலையை இப்படிப் பாருங்கள்: அன்றைய வெள்ளி விலைக்கு எடையைப் பெருக்குங்கள், ஆயிரத்துக்கு 833 பங்குக்கு மேல் சுத்தம் கணக்கிடாதீர்கள். மீதி கேட்பது வேலைப்பாட்டுக்கும் வரலாற்றுக்கும். வரலாறு என்ன என்று கடைக்காரர் சொல்லட்டும். "ரொம்பப் பழசு" என்பது வரலாறு ஆகாது.

சேகரிப்பைப் பெரிய கழுத்தணியில் தொடங்க வேண்டும் என்றில்லை. கால் காப்பு, மை டப்பா, ஆண்கள் கத்தியோடு தொங்கவிடும் முள்வாங்கி ஆகியவற்றில் போலி குறைவு, கையாண்டு பழகலாம். ஓமானியப் பெண்கள் பத்து விரலுக்கும் பத்து மோதிரம் போடுவார்கள்; விரலுக்கு ஒரு வடிவம். சுட்டுவிரல் மோதிரத்தின் முகப்பு கூர்முனையாக இருக்கும். ஜோடி மோதிரங்கள் சேர்ந்து கிடைத்தால் பிரித்து வாங்காதீர்கள். பிரிந்தால் பிறகு சேராது. பணம் கொடுப்பதற்கு முன் மஸ்கட்டில் 1998இல் திறந்த பைத் அல் சுபைர் அருங்காட்சியகத்தையும் தேசிய அருங்காட்சியகத்தையும் இரண்டு நாள் சுற்றிப் பாருங்கள். நல்லதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சுமாரானது தானே தெரியும்.

ஊருக்குக் கொண்டு வருவதில் மூன்று எச்சரிக்கைகள். கஞ்சர் எனப்படும் வளைந்த கத்தியின் பழைய கைப்பிடிகளில் காண்டாமிருகக் கொம்போ தந்தமோ இருக்கக்கூடும். அப்படி இருந்தால் தொடவே வேண்டாம். வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும். இரண்டாவது, உண்மையிலேயே மிகப் பழையது என்று தெரிந்தால், வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டுமா என்று ஓமான் பாரம்பரிய, சுற்றுலா அமைச்சகத்திடம் எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது, எடையும் விவரமும் எழுதிய ரசீதும் புகைப்படமும் வைத்திருங்கள். சுங்கத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. மறுபடி எடுத்துச் செல்லும் எண்ணமிருந்தால் அந்த ரசீதுதான் உங்களுக்குத் துணை.

வீட்டுக்கு வந்ததும் விபூதி போட்டுத் தேய்க்கும் கையைக் கட்டிப்போடுங்கள். பற்பசையும் புளியும் வேண்டவே வேண்டாம். தங்க ரேக்கு உரிந்துவிடும். குழியில் இருக்கும் கறுப்புப் போனால் வேலைப்பாடே தட்டையாகிவிடும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, தனித்தனியாகத் துணியில் சுற்றி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். தாயத்துப் பெட்டி மூடியிருந்தால் நெம்பித் திறக்காதீர்கள். உள்ளே ஒருவர் எழுதி வைத்த திருக்குர்ஆன் வசனம் இருக்கலாம். அது அவர்களுடைய பிரார்த்தனை.

வாங்கலாமா என்று கேட்டீர்கள். தேய்மானமும் கோர்வையும் ஒத்துவந்து, 240 வருடக் கதையைக் கழித்த விலைக்குத் தருவாரானால் வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் அம்மாவின் கேள்வியை அந்தக் கடையில் கேளுங்கள்: யார் கழுத்தில் கிடந்தது? எந்த ஊர், எந்தக் குடும்பம், கல்யாணத்துக்குச் செய்ததா, எதற்காக விற்றார்கள்? சேகரிப்பாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அணிந்தவரின் நினைவு துண்டிக்கப்பட்டால் எஞ்சுவது எடைக்கு வெள்ளி. கிடைத்த பதிலை, கடையின் பெயரோடும் வாங்கிய தேதியோடும் அன்றிரவே ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டும் நகையும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். ஊருக்கு வரும்போது முதலில் நோட்டை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு நகையைக் காட்டுங்கள்.